எருக்குழிக்குக் கூரை போட்ட எங்கள் அக்கா

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், உறவில் மூத்த இருவர் வீடு தேடி வந்து என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். அக்காவின் பக்தியைப் பற்றி எழுது, பொறுமையைப் பற்றி எழுது, கூடப் பிறந்தவர்களை ஆளாக்கியதைப் பற்றி எழுது. குப்பைக் கதையை மட்டும் எடுக்காதே, படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். இப்போது குப்பைக் கதையைத்தான் எழுதப் போகிறேன். பொறுமையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் அக்காவுக்குப் பொறுமை கிடையாது. இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். ஆனால் அவருக்குக் காத்திருக்கத் தெரியும். அது வேறு சமாசாரம்.

அக்கா பிறந்தது, வாழ்ந்தது, மறைந்தது எல்லாம் வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில்தான். மூன்று பிள்ளைகளில் அவர் மூத்தவர். அடுத்தது நான், கடைசி தம்பி. அப்பா காய்ச்சலில் போனபோது அக்காவுக்கு இருபது வயது. அப்பா விட்டுப் போனது ஓர் ஓலை வீடு, இரண்டு மாடு, ஏரிக்கு மேலே சரிவில் ஒரு மேட்டுக்கொல்லை. செம்மண்ணும் சரளையுமான நிலம். ஆனி மழைக்கு வேர்க்கடலை விதைத்துப் புரட்டாசியில் பிடுங்குவோம். பிடுங்கினால் செடிக்கு நாலு காய், அதிலும் இரண்டு பொக்கு. நான்கு வருடம் இப்படியே போயிற்று.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி மாதம், பெரியப்பா வந்து வாசலில் நின்றார். அப்பாவுக்கு அண்ணன். கெட்டவர் அல்லர், ஆனால் அவர் சொன்னால் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

“இந்தா பாரும்மா, கொல்ல செத்துப் போச்சி. சவுக்கு நட்டுடலாம், அது பாட்டுக்கு வளரும். உனக்கும் வயசாவுது. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு எடம் கீது. பொண்டாட்டி செத்துட்டா, ரெண்டு புள்ள. நல்ல மனுசன்” என்றார்.

அக்கா முறத்தில் கடலையைப் புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “கொல்ல சாவல பெரிப்பா. நாமதான் பட்டினி போட்டுகினு கீறோம்” என்றார்.

“வருசா வருசம் வண்டி வண்டியா குப்ப அடிக்கிறோமே?”

“அடிக்கிறோம். தின்றது கொல்ல இல்லியே.”

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த புரட்டாசி வரை பார்ப்பதாகவும், கடலை காய்க்காவிட்டால் கொல்லையில் சவுக்கு, அக்காவுக்குக் கல்யாணம், இரண்டிலும் பேச்சே இல்லை என்றும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அம்மா அழுதார். அக்கா மீதிக் கடலையைப் புடைத்து முடித்தார்.

தின்றது கொல்லை இல்லை என்று அக்கா சொன்னதற்கு அர்த்தம் எனக்கே அப்போது புரியவில்லை. எருவை நாங்கள் குப்பை என்றுதான் சொல்வோம்; அதை அடிக்கும் எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆயுத பூசைக்கு மாட்டு வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்துப் படைத்த பிறகு, வண்டி ஏற்றும் முதல் பாரம் எருவாக இருக்க வேண்டும். இந்துக்கள், எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் அதுதான் எரு அடிக்கும் நாள். காரணமும் இருந்தது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எருக்குழியில் தண்ணீர் நிற்கும். கொல்லைக்குள் வண்டி போகாது. அதனால் மழைக்கு முன்பே குழியைக் காலி செய்து, கடலை பிடுங்கிய வெற்று நிலத்தில் கும்பல் கும்பலாகக் கொட்டிவிட்டு வந்து விடுவோம். கடமை முடிந்தது.

அதற்கு முந்தைய வருடம் கொட்டும் மழையில் அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போயிருக்கிறார். சரிவில் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடிய தண்ணீரின் பின்னாலேயே நடந்து ஏரிக்கரை வரை போயிருக்கிறார். எங்கள் கொல்லைத் தண்ணீர் ஏரியில் விழும் இடத்தில் மட்டும் கோரை ஆள் உயரம் கறுத்து வளர்ந்திருந்ததாம். நாலடி தள்ளி முழங்கால் உயரம்கூட இல்லையாம். வீட்டுக்கு வந்து, “நாம ஏரிக்கோரைக்குக் குப்ப அடிச்சிகினு கீறோம்” என்று மட்டும் சொன்னார். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரியப்பா கெடு வைத்துவிட்டுப் போன அதே வாரம் ஆயுத பூசை வந்தது. வண்டிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினார். அக்கா வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். ஊரே திரும்பிப் பார்த்தது. அதைவிட மோசம் மறுநாள் நடந்தது. எங்கள் வீட்டுக் கூரை மாற்ற அம்மா பனையோலை வாங்கி அடுக்கி வைத்திருந்தார். நான் தையல் வகுப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறேன், அந்த ஓலை அத்தனையும் எருக்குழியின் மேல் ஏறியிருக்கிறது! நாலு கால் நட்டு, குறுக்கே கழி கட்டி, சுற்றி வரப்பு வைத்து, குழிக்கு அழகான கூரை.

அன்று அக்காவிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பதினெட்டு வயது எனக்கு. வாய் நீளம். அந்த ஐப்பசியில் எங்கள் வீடு ஏழு இடத்தில் ஒழுகியது. தையல் தேர்வுக்காக நான் ஒரு வருடமாகத் துணி மாதிரிகளை ஒட்டித் தயாரித்த நோட்டு, ஓர் இரவில் ஊறிக் கூழாகிவிட்டது. எருக்குழியில் ஒரு சொட்டு விழவில்லை. “வூடு ஒழுவுது, குப்பைக்கி மாடி வூடு கட்டிட்டா” என்று தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இதை இன்று மறைத்து எழுதினால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார்.

நோட்டை மறுபடி தைக்க அவரே உட்கார்ந்தார். மண்வெட்டி பிடித்த கையில் ஊசி நிற்கவில்லை. பாதி மாதிரிகள் கோணல். தேர்வில் அந்தப் பக்கங்களுக்கு எனக்கு மதிப்பெண் குறைந்தது. அந்த நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

இதற்கிடையில் கொல்லையில் அவர் கொள்ளு விதைத்திருந்தார். கடலை பிடுங்கிய ஈரத்தில், ஐப்பசி முதல் வாரம். முதல் பெருமழையில் பாதி விதை அடித்துக்கொண்டு போயிற்று. குனிந்து குனிந்து மறுபடி ஊன்றினார். எரு போடவில்லை. ஊரார் கொட்டிய எருவெல்லாம் மழையில் கரைந்து ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் எரு கூரைக்குக் கீழே சொகுசாக உட்கார்ந்திருந்தது.

எப்போதுதான் போடப் போகிறாய் என்று கேட்டேன்.

“வேரு புடிக்கணும். எல வுடணும். தின்ன வாய் இல்லாத எடத்துல சோறு போட்டா இன்னா ஆவும்? இப்ப போட்டா மழ தின்னும். தையில போட்டா வெயில் தின்னும். நடுவுல கொஞ்ச நாளுதான் நம்முளுது” என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் எது என்பதற்கு அவர் வைத்திருந்த அடையாளங்கள்: பெருமழை வெறித்து ஓய்ந்திருக்க வேண்டும். மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது. காலையில் பனி இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கொள்ளு கணுக்கால் உயரம் வந்திருக்க வேண்டும். கணுக்காலுக்குக் கீழே என்றால் வேர் பிடித்திருக்காது. முழங்கால் வந்துவிட்டால் எரு மண்ணில் இறங்காமல் கொடியிலேயே தங்கிவிடும். ஈர இலையில் எருத்தூள் ஒட்டினால் இலை கருகும் என்பதால், பனி காய்ந்த பிறகுதான் கூடையைத் தொட வேண்டும்.

இத்தனையும் ஒன்றுகூடி வந்த நாள், கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் பங்குச் சுவாமியார் மாதம் ஒருமுறை எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பூசை வைக்க வரும் ஞாயிறு. பத்து நாள் விடாமல் அடித்த மழை, அன்று விடிந்தபோது வெறித்திருந்தது. கிழக்கே மறுபடி இருட்டிக்கொண்டிருந்தது. பூசை முழுவதும் அக்கா சன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் முக்காட்டை எடுத்துச் சும்மாடு கட்டினார்.

வண்டி போகாத சேற்றில் தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். அக்கா, நான், பக்கத்து வீட்டுச் செல்லம்மா, மூன்று பேர். நான் ஏன் போனேன் என்று கேட்டால், அவர் தனியாகக் கூடையைத் தூக்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது.

நாலாவது நடையில் உபதேசியார் வரப்பில் நின்றார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர்.

“இன்னாம்மா இது? வேல செய்யக் கூடாத கடன் திருநாளுல குப்ப வார்றீங்க? பூசை கண்ட சீலையக்கூட மாத்தல?”

“பூசைய வுடலியே உபதேசியாரே. கண்டுட்டுத்தான் வந்தோம்.”

“நாளைக்கி வாரக் கூடாதா?”

“மழய நாளான்னிக்கி வரச் சொல்லுங்க. நான் நாளைக்கி வார்றேன்” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கூடைக்குப் போனார்.

உபதேசியார் சுவாமியாரிடம் சொல்லப்போவதாகச் சத்தம் போட்டார். போய்ச் சொல்லவும் செய்தார். நாங்கள் இருட்டுவதற்குள் குழியைக் காலி செய்துவிட்டோம். மறுநாள் மதியம் தூறல், பெருமழை இல்லை. எருவை மண்ணுக்குள் இறக்க அளவெடுத்து விட்டதுபோலத் தூறல்.

அடுத்த மாதம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததை அக்காவே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எரு சுமந்ததைச் சொன்னாராம். செய்ததற்கு மனஸ்தாபம் இருக்கிறதா என்று சுவாமியார் கேட்டாராம். “இல்ல சாமி. அடுத்த வருசமும் ஞாத்திக்கெழம வெறிச்சா அன்னிக்கிதான் வாருவேன்” என்றாராம். பிறகு, “கொள்ளு எவ்வளவு உயரம் இருந்தது?” என்று கேட்டாராம் சுவாமியார். கணுக்கால் என்றதும், மூன்று ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டாராம். அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. மார்கழிக் கடைசியில் கொள்ளு பூத்து நின்றது. அம்மா காய்க்கு ஆசைப்பட்டார். அரிசி கிடைக்காத காலம் அது. கொள்ளுக் கஞ்சியில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. அக்கா ஓரத்தில் நாலு பாத்தி மட்டும் காய்க்க விட்டுவிட்டு, மீதி அவ்வளவையும் பூவோடு மடக்கி உழுதார். மண்ணில் ஈரம் இருக்கும்போதே உழுதால்தான் மட்கும், கொள்ளு தின்ற எரு கடலைக்குப் போய்ச் சேரும் என்றார். அம்மா கொல்லையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். “சோத்த மண்ணுல போட்டுப் பொதைக்கிறாளே, பாவி!” என்ற குரல் ஏரிக்கரை வரை கேட்டது. அக்கா ஏரை நிறுத்தவில்லை. திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அழுதுகொண்டுதான் உழுதார். தனக்கே நிச்சயம் இல்லாத ஒன்றுக்காக எங்கள் மூன்று பேருடைய கஞ்சியையும் மண்ணில் போட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அன்றுதான் என் கோபம் போயிற்று.

ஆனியில் கடலை விதைத்தோம். ஆடி முழுக்க வானம் காய்ந்தது. ஊரில் எல்லார் கொல்லையும் உச்சி வேளையில் துவண்டு, சாயந்திரமும் நிமிராமல் கிடந்தது. எங்கள் கொல்லை உச்சி வேளையில் துவண்டது, சாயந்திரம் நிமிர்ந்தது. எல்லாமே நிமிர்ந்தது என்று சொல்ல மாட்டேன். மேல் கோடியில் சரளை அதிகமான இடத்தில் செத்துத்தான் போயிற்று. ஆவணி மழை வரும்வரை மீதி தாக்குப்பிடித்தது.

புரட்டாசியில் பெரியப்பா வந்தார். வரும்போதே தன் கொல்லையிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். எங்கள் கொல்லையில் அவர் இஷ்டத்துக்கு ஓர் இடம் பார்த்து ஒரு செடியைப் பிடுங்கினார். இரண்டையும் வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்கள் செடியில் வேரைச் சுற்றிக் காய் கொத்தாகத் தொங்கியது. இரண்டு காயை உடைத்துத் தின்று பார்த்தார். ஸ்ரீபெரும்புதூர் மனிதரைப் பற்றியும் பேசவில்லை, சவுக்கைப் பற்றியும் பேசவில்லை. தன் செடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது வருடம் பெரியப்பா வீட்டு எருக்குழிக்கு மேலும் ஓர் ஓலைப் பந்தல் முளைத்தது. ஆட்டுக்குட்டி கட்டுவதற்காகப் போட்டதாகச் சொன்னார். ஆட்டுக்குட்டியை எருக்குழிக்கு மேல் எப்படிக் கட்டுவார்கள் என்று அக்கா கேட்கவில்லை. அந்த ஒரு முறைதான் அவர் வாயை அடக்கிப் பார்த்திருக்கிறேன்.

பிறகு வந்த வருடங்களை நீங்கள் அறிவீர்கள். தம்பியைப் படிக்க வைத்தார். அவன் விடியற்காலையில் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயிலேறித் தொழிற்சாலை வேலைக்குச் சென்றதும் அந்தக் கொல்லைக் கடலையில்தான். எனக்குத் தையல் ஆசிரியை வேலை கிடைத்து, கல்யாணம் நடந்ததும் அதில்தான். அம்மாவைப் படுக்கையில் மூன்று வருடம் வைத்துப் பார்த்தார். யூரியா மூட்டை வந்தபோது அதையும் ஒரு கை வாங்கிப் போட்டுப் பார்த்தார்; அவர் எதற்கும் எதிரியில்லை, காலம் தவறிப் போடுவதற்குத்தான் எதிரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணம் ஆகாமல் நின்றுவிட்டார் என்று இன்றும் பரிதாபப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர் நிற்கவில்லை. வேண்டாம் என்று சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அவரைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

சென்ற கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் கட்டி, மருத்துவர்கள் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லியிருந்தார்கள். அரை மயக்கத்திலிருந்து கண்ணைத் திறந்தார்.

“கணுக்கால் வந்துச்சா?”

“வந்துச்சிக்கா.”

“மழ?”

“நேத்தே வெறிச்சிடிச்சி.”

கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பார்த்தார். “அப்பறம் இங்க இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற?” என்றார்.

என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். நான் எழுந்து போகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். அவர் சொல்லை மீறி நான் செய்த எத்தனையோ காரியங்களில் அதற்காக மட்டும் வருத்தமில்லை. இரண்டு நாள் கழித்து ஆண்டவரிடம் போனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, பனி காய்ந்த பிறகு, நான் கூடையை எடுத்தேன். ஈரம் போய்விடும், இன்னும் ஐந்தாறு நாளில் கொள்ளு கொடி வீசிவிடும். துக்க வீட்டில் குப்பை சுமக்கிறாள், அழக்கூடத் தெரியாதவள் என்று உறவில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. அழுதுகொண்டுதான் சுமந்தேன். அழுகையும் கூடையும் ஒன்றாக வரும் என்பதை அக்காவிடம்தான் படித்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் எங்களோடு இருந்த தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நன்றி. கல்லறை வெட்டிக் கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய பக்கத்துத் தெருவினருக்கும் நன்றி. அன்று நான் முதல் கூடையை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, எதிரே சும்மாட்டோடு வந்துகொண்டிருந்த செல்லம்மாவுக்கு நன்றி. அவருக்கு இப்போது முழங்கால் வலி, ஆனாலும் பதினோரு நடை வந்தார். அவர் பின்னால் வந்தவர் பெரியப்பாவின் மருமகள். யாரும் கூப்பிடவில்லை. அவருக்குத் தனி நன்றி.

கொல்லையைச் சவுக்குக்கு விடப் போகிறீர்களா, மனை போடப் போகிறீர்களா என்று விசாரிப்பவர்களுக்குப் பதில்: இரண்டும் இல்லை. ஐப்பசியில் கொள்ளு விதைத்தாகிவிட்டது. குழிக்குப் புது ஓலை வேய்ந்தாகிவிட்டது. இந்த முறை வீட்டுக்கும் ஓட்டுக் கூரை இருக்கிறது.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர்க் கோயிலில் நடக்கும். இதை எழுதும் இன்று காலை கொல்லையில் நின்று பார்த்தேன். கொள்ளு கணுக்காலுக்கு ஒரு விரல் குறைவு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும். திருப்பலி முடிந்து எல்லாருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு உண்டு, ஆனால் இலை போடக் கொஞ்சம் தாமதமாகும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்காக எருக்குழிக் கூரையின் கீழ் இருபது கூடைகள் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நல்ல சேலை கட்டி வந்தாலும் பரவாயில்லை. அக்காவும் நல்ல சேலையில்தான் சுமந்தார்.